கண்ணும் செவியும்

நாள்தோறும் செய்யும் செயலை நாம் வியந்து நோக்குவதில்லை. காலையில் செய்தித்தாளைக் கையில் எடுக்கிறோம். பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்து ஏறுகிறோம். கடைப் பலகையைப் படிக்கிறோம். நண்பர் எழுதிய மடலைப் பிரித்து மகிழ்கிறோம். இவற்றுள் எதனையும் அரிய செயல் என்று நாம் எண்ணுவதில்லை. கண் திறந்திருந்தால் போதும், எழுத்துத் தானே வந்து பொருளைச் சொல்லிவிடும் என்று கருதுகிறோம். அவ்வாறு கருதுவது பிழை. படித்தல் கண்ணின் தொழில் மட்டும் அன்று. அது செவியின் தொழிலும் ஆகும். கண்ணையும் செவியையும் மூளை தன்னுள் இணைத்த பின்னரே ஒருவர் படிக்க வல்லவர் ஆகிறார். இவ்வுண்மையை அறியாமையால் நாம் குழந்தைகள் பலருக்குத் தீங்கு செய்து வருகிறோம். ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் நலம்.

பிரான்சு நாட்டில் 1887ஆம் ஆண்டு, வணிகத்திலிருந்து ஓய்வு பெற்ற கல்விமான் ஒருவருக்கு வியப்பான துன்பம் ஒன்று நேர்ந்தது. நூல்களிலும் இசையிலும் பெருவிருப்பம் உடையவர் அவர். ஒருநாள் திடீரென்று அவரால் எழுத்துகளைப் படிக்க இயலாமல் போயிற்று. அவர் நன்றாகப் பேசினார், பிறர் பேச்சு அவருக்கு விளங்கியது, பொருள்களையும் மனிதர்களையும் கண்டு பெயர் சொன்னார், எண்களையும் படித்தார். வலப்பக்கப் பார்வை சிறிது குன்றியிருந்ததேனும், எழுத்தின் வடிவத்தை அவர் கண் கண்டது. ஓவியத்தைப் பார்த்து வரைவதுபோல் அதனைப் பார்த்து வரையவும் அவரால் முடிந்தது. ஆனால், அந்த வடிவம் எந்த எழுத்து என்பது மட்டும் தெரியவில்லை. அதனினும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. பிறர் சொல்லச் சொல்ல அவர் பிழையின்றி எழுதினார். எழுதி முடித்தபின், தாம் எழுதியதைத் தாமே படிக்க இயலாமல் திகைத்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டி அதன் வடிவத்தைக் கையால் வரைந்து பார்க்கும்போது மட்டும் அஃது இன்ன எழுத்து என்று உணர்ந்தார்.

அவரை ஆராய்ந்தவர் ஜூல் டெஜெரின் என்னும் பாரிஸ் மருத்துவர். முதியவர் 1892ஆம் ஆண்டில் காலமானபின், அவருடைய மூளையை டெஜெரின் சோதித்தார். இடப்பக்கத்து மூளையின் பின்பகுதி கெட்டிருந்தது. மூளையின் வலப்பாதியிலிருந்து இடப்பாதிக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்புப் பாலத்தின் பின்முனையும் சிதைந்திருந்தது. அதனால், கண் கண்ட செய்தி மொழிக்குரிய இடத்தைச் சென்று சேரவில்லை. கண் இருந்தது, மொழி இருந்தது, இரண்டையும் இணைக்கும் வழிதான் இல்லை. படித்தல் என்பது அந்த வழியே என்பதனை உலகம் அம்முதியவரின் துன்பத்தால் அறிந்தது.

பேச்சும் எழுத்தும் ஒருதன்மையன அல்ல. பேச்சு மனித இனத்தோடு பிறந்து வளர்ந்தது. தாயின் மடியில் கிடக்கும் குழந்தைக்குப் பேச்சை யாரும் பாடமாக நடத்துவதில்லை. கேட்டுக் கேட்டே அது பேசத் தொடங்குகிறது. எழுத்தோ நேற்றுத் தோன்றியது. மெசபொத்தேமியாவில் சுமேரியர் களிமண் பலகைகளில் எழுதத் தொடங்கிய காலம் முதல் இன்று வரை எண்ணினாலும் ஐயாயிரத்துச் சில நூறு ஆண்டுகளே ஆகின்றன. அதன் பின்னரும் நெடுங்காலம் எழுத்தறிவு மிகச் சிலருக்கே உரியதாக இருந்தது. ஆகவே, படிப்பதற்கென்று ஒரு தனி உறுப்பை இயற்கை நமக்கு அளிக்கவில்லை. வேறு தொழிலுக்காக அமைந்த இடங்களைக் கடனாகப் பெற்றே மூளை படிக்கக் கற்கிறது. பிறந்த ஒவ்வொரு குழந்தையும் இந்தக் கடனைத் தானே முயன்று பெறுதல் வேண்டும்.

இது வெறும் கருத்து அன்று. சோதனையால் கண்ட உண்மை. உயிரோடு இருப்பவரின் மூளை தொழிற்படுவதைப் படம் பிடிக்கும் கருவிகள் இன்று உள்ளன. அவற்றின் துணைகொண்டு லாரன் கோஹன், ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் என்னும் பிரெஞ்சு அறிஞர்களும் அவர்களுடைய குழுவினரும், எழுதிய சொல்லைக் காணும்போது ஊக்கம் பெறும் சிறு பகுதி ஒன்றனை 2000ஆம் ஆண்டில் விளக்கினர். அஃது இடப்பக்க மூளையின் அடிப்புறத்தில், பின்பக்கமாக உள்ளது. எம்மொழியைப் படிப்பவராயினும், எவ்வகை எழுத்தைப் பயின்றவராயினும், பெரும்பாலும் அதே இடமே தொழிற்படுகிறது. போர்ச்சுகல், பிரேசில் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 63 பேரை ஆராய்ந்த முடிவு 2010இல் வெளிவந்தது. அவர்களுள் சிலர் எழுத்தறியாதவர். சிலர் வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர். ஏனையோர் இளமையிலேயே பள்ளியில் பயின்றவர். எழுத்தறியாதவரிடத்தில் முகங்களையும் பொருள்களையும் காண்பதற்கு உதவிய அதே இடம், எழுத்தறிந்தவரிடத்தில் எழுத்துக்கு இடம் கொடுத்திருந்தது. வளர்ந்தபின் கற்றவரிடத்திலும் இம்மாற்றம் தோன்றியிருந்தது. வயது கடந்துவிட்டது என்று சோர்ந்திருப்போர்க்கு இதனினும் இனிய செய்தி வேறு எது?

மற்றொரு செய்தியும் உண்டு. பிறவியிலேயே பார்வை இழந்தவர் பிரெயில் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும்போதும், மூளையின் அதே பகுதி தொழிற்படுவதை 2011இல் கண்டனர். ஒளியே புகாத வழியிலும் எழுத்து அவ்விடத்தைச் சென்று சேர்கிறது. ஆகவே, அவ்விடம் வெறும் வடிவத்தைக் காணும் இடம் அன்று. வடிவத்தை மொழியோடு இணைக்கும் இடம் என்று கொள்ளுதல் தகும்.

இனி, ஒரு சொல்லைப் படிக்கும்போது நிகழ்வது யாது என்று காண்போம். கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு செல்வதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தத்தித் தத்திச் செல்கிறது. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் நொடி நின்று, பின் அடுத்த இடத்திற்குத் தாவுகிறது. நின்ற இடத்தில் ஒரு சில எழுத்துகளே தெளிவாகத் தெரிகின்றன. அவ்வாறு கண் திரட்டிய வடிவங்கள் மூளையை அடைந்தபின் இரண்டு வழிகளில் செல்கின்றன. ஒன்று ஒலிவழி, மற்றொன்று பொருள்வழி. ‘அம்மா’ என்னும் சொல்லைப் பல்லாயிரம் முறை கண்டிருக்கிறோம். அதனைக் கண்டவுடன் பொருள் தோன்றிவிடுகிறது. இது பொருள்வழி. ‘ஹெல்சிங்கி’ என்னும் ஊர்ப்பெயரை முதன்முறை காண்போர், எழுத்து எழுத்தாக ஒலித்துக் கூட்டியே சொல்ல இயலும். இஃது ஒலிவழி.

இவ்விரு வழிகளும் வேறு வேறு என்பதற்கு நோயாளிகளே சான்றாயினர். ஜான் மார்ஷல், ஃபிரெடா நியூகோம் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், மூளையில் அடிபட்டவர் சிலரைப் பற்றி 1973இல் எழுதினர். சிலர்க்கு ஒலிவழி மட்டும் எஞ்சியிருந்தது. எழுத்துப்படி ஒலிக்காத ஆங்கிலச் சொற்களை அவர்கள் எழுத்துப்படியே ஒலித்துப் பிழை செய்தனர். வேறு சிலர்க்கு ஒலிவழி அடைபட்டிருந்தது. ஒரு பறவையின் பெயரைக் கண்டு வேறொரு பறவையின் பெயரைச் சொல்வதுபோல், எழுதிய சொல்லுக்கு ஈடாக அதற்கு நெருங்கிய பொருளுடைய வேறு சொல்லை அவர்கள் கூறினர். பொருளின் வாடை தெரிகிறது; சொல் தெரியவில்லை. ஒலியின் காவல் இல்லாதபோது பொருளும் தடம் மாறுகிறது என்பதனை இவர்கள் நிலை காட்டுகிறது.

வாய்விட்டுப் படிக்கும்போது ஒலி வேண்டும். மனத்துள் படிக்கும்போது அது வேண்டா என்று சிலர் கூறுவர். அதுவும் முழுதும் பொருந்தாது. வான் ஆர்டன் என்பவர் 1987இல் ஒரு சோதனையை வெளியிட்டார். திரையில் தோன்றும் ஆங்கிலச் சொல் ஒரு மலரின் பெயரா, அன்றா என்று படிப்பவர் விரைந்து கூறவேண்டும். ரோசா மலரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், ‘வரிசைகள்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் எழுத்தால் வேறு, ஒலியால் ஒன்று. வரிசையைக் குறிக்கும் சொல்லைக் காட்டியபோது, ‘ஆம், மலர்தான்’ என்று பலமுறை பிழையாக விடை வந்தது. ஒருவரும் வாய் திறந்து படிக்கவில்லை. எனினும், உள்ளே செவி கேட்டுக்கொண்டிருந்தது. நம் அச்சகங்களில் பிழை திருத்துவோரும் இதனை அறிவர். ‘அறம்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘அரம்’ என்று அச்சாகியிருந்தால், கூரிய கண்ணும் சிலபோது அதனைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. ஒலி ஒத்திருப்பதால் உள்ளம் ஏமாந்து போகிறது.

நம் முன்னோர் எழுத்தையும் ஒலியையும் பிரித்து எண்ணவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் ‘எழுத்து’ என்று பேசப்படுவது பெரும்பாலும் ஒலியே ஆகும். எந்த ஒலி எவ்விடத்தில், எவ்வுறுப்புகளின் முயற்சியால் பிறக்கிறது என்பதை விளக்குவதற்குப் பிறப்பியல் என்று ஓர் இயலே அதன்கண் அமைந்துள்ளது. எழுத்தின் உயிர் ஒலியில் உள்ளது என்பதை நம் இலக்கணம் அன்றே கண்டது.

தமிழ் எழுத்தைக் கற்கும் குழந்தைக்கு இருக்கும் எளிமையையும் அருமையையும் எண்ணிப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 எழுத்துகள். இத்தொகை பெரிது. ஆயினும், மெய்யும் உயிரும் கூடும் முறையை உணர்ந்தால் இப்பெருந்தொகை சிறிதாகிவிடும். உணராமல் ஒவ்வொன்றனையும் தனி வடிவமாக நினைவில் வைக்க முயன்றால் மலைபோல் தோன்றும். ‘கொடி’ என்னும் சொல்லில் முதல் எழுத்தை நோக்குங்கள். கண் முதலில் காண்பது கொம்பு, அடுத்து ககரம், அதன்பின் கால். செவி கேட்பதோ முதலில் மெய்யொலி, பின்னர் உயிரொலி. கண்ணின் வரிசை வேறு. செவியின் வரிசை வேறு. ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்னும் மூன்று சொற்களிலும் ககரத்தின் வடிவம் ஒன்றே, ஒலி மூன்று. இவற்றையெல்லாம் குழந்தை வாய்விட்டு ஒலித்து, தன் செவியால் கேட்டுத்தான் உணர்தல் கூடும். செவி மட்டும் போதும் என்றும் நான் கூறவில்லை. ‘கரை’, ‘கறை’ என்பவற்றை நம்மிற் பலர் ஒரேவிதமாக ஒலிக்கிறோம். அவற்றை வேறுபடுத்தித் தருவது கண்ணே. ஒன்றற்கு ஒன்று துணையாக இரண்டும் வேண்டும்.

ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு சீராக இருக்குமாயின் கற்றல் விரைவாகிறது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் முதலாண்டுக் கல்வி முடித்த குழந்தைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2003இல் வெளிவந்தது. பழகிய எளிய சொற்களை ஃபின்லாந்துக் குழந்தைகள் நூற்றுக்கு 98 விழுக்காடு சரியாகப் படித்தனர். ஆங்கிலம் பயின்ற குழந்தைகள் 34 விழுக்காடே படித்தனர். ஃபின்னிய மொழியில் எழுத்துக்கு ஏற்ற ஒலியும் ஒலிக்கு ஏற்ற எழுத்தும் உண்டு. ஆங்கிலத்தில் அவ்வுறவு குழம்பிக் கிடக்கிறது. குற்றம் குழந்தையினுடையது அன்று என்பது வெளிப்படை.

சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துணரும் ஆற்றலும் தானே வருவதில்லை. அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் என்னும் அம்மையார் 1974இல் குழந்தைகளைச் சோதித்தார். நான்கு வயதுக் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரு சொல்லிலுள்ள அசைகளைத் தட்டி எண்ணினர். தனி ஒலிகளை எண்ண ஒருவராலும் இயலவில்லை. பள்ளியில் ஓராண்டு பயின்ற ஆறு வயதுக் குழந்தைகளுள் நூற்றுக்கு எழுபதுபேர் தனி ஒலிகளையும் எண்ணினர். போர்ச்சுகலில் எழுத்தறியாத பெரியவர்களைச் சோதித்தபோது, ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்ல அவர்கள் மிகவும் இடர்ப்பட்டனர் என்பது 1979இல் தெரியவந்தது. நன்கு பேசத் தெரிந்தவர்களே இவ்வாறு இடர்ப்பட்டனர். ஆகவே, ஒலியைப் பிரித்தும் கூட்டியும் காட்டுவது கற்பிப்போர் கடமை. குழந்தை தானே கண்டுகொள்ளும் என்று வாளா இருத்தல் தகாது.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறாமல் இருக்க இயலவில்லை. நான் ஆசிரியப் பணியில் புகுந்த தொடக்கத்தில், ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கதை சொன்னால் ஒருமுறை கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வான். மனக்கணக்கில் மற்றவரை முந்துவான். ஏரிக்கு வரும் பறவைகளைக் குரலால் அறிந்து பெயர் கூறுவான். ஒருநாள் அவனைப் பாடம் படிக்கச் சொன்னேன். தடையின்றிப் படித்தான். மகிழ்ந்து அருகில் சென்றேன். அவன் கையில் விரிந்திருந்தது வேறொரு பாடத்தின் பக்கம். பிறர் படிக்கக் கேட்டு மனத்தில் பதித்ததை அவன் ஒப்பித்திருக்கிறான்! வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “என்னை ஏமாற்றவா பார்க்கிறாய்?” என்று கடிந்தேன். மறுநாள் முதல் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் பள்ளியை விட்டே நின்றுவிட்டான். அவன் என்னை ஏமாற்றவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். அவனுடைய செவி தன் கடமையைச் செய்தது. செவியிலிருந்து கண்ணுக்கு ஒரு பாலம் அமைத்துத் தருவது என் கடமை. அதனை நான்தான் செய்யவில்லை.

இத்தகைய சிறுவர் எல்லா நாட்டிலும் உள்ளனர். இங்கிலாந்தில் பிரிங்கில் மார்கன் என்னும் மருத்துவர் 1896இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் அறிவுடையவன், கணக்கில் இடர்ப்படாதவன், ஆயினும், ஆண்டுக்கணக்கில் கற்பித்தும் எளிய சொற்களையே தட்டுத்தடுமாறிப் படித்தான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியிலேயே இவன்தான் சிறந்த மாணவனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். இந்நிலையை இன்று டிஸ்லெக்சியா என்கின்றனர். இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் இக்குறை உடையவர்களை ஆராய்ந்து, படிக்கும்போது அவர்கள் அனைவருடைய மூளையிலும் ஒரே பகுதி குறைவாகவே தொழிற்படுகிறது என்று 2001இல் வெளியிட்டனர். எழுத்தும் ஒலியும் சீராக அமைந்த இத்தாலிய மொழியினர் மட்டும் மற்றவரைவிடப் பிழை குறைவாகப் படித்தனர். நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டை ஏற்று, அதனை உடையோர்க்கு உரிமை வழங்கியுள்ளது. சட்டம் வந்துவிட்டது, நம் நாவில் உள்ள ‘மக்கு’ என்னும் சொல் இன்னும் போகவில்லை.

“வாய்விட்டுப் படித்தல் சிறுபிள்ளைத்தனம், விரைந்து மனத்துள் படிப்பதே கற்றோர்க்கு அழகு” என்று சிலர் கூறுவர். விரைந்து படித்தல் நன்றே. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், அவ்விரைவு எங்கிருந்து வருகிறது? ஒருமுறை ஒலித்துக் கூட்டிப் படித்த சொல், சிலமுறை கண்டபின் பழகிய முகம்போல் ஆகிவிடுகிறது. ஒலிவழியில் நடந்து நடந்தே பொருள்வழி அகலமாகிறது. அடித்தளம் இல்லாமல் மாடம் எழுப்புவார் இல்லை. எழுத்தை ஒலியின்றி வெறும் வடிவமாக நூறுமுறை எழுதச் செய்வதும், பாடத்தைப் பொருளும் எழுத்தும் அறியாமல் கூட்டமாகக் கூவச் செய்வதும் கற்பித்தல் ஆகா. முன்னதில் செவிக்கு வேலை இல்லை. பின்னதில் கண்ணுக்கு வேலை இல்லை. எழுத்தை விரல் காட்ட, வாய் ஒலிக்க, செவி கேட்க, உள்ளம் பொருளை உணர, நாள்தோறும் சிறிது நேரம் ஒவ்வொரு குழந்தையும் தனித்துப் படித்தல் வேண்டும். அதனைப் பொறுமையோடு கேட்பதற்கு ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். அவர் ஆசிரியராக இருக்கலாம். தாய் தந்தையராக இருக்கலாம். படிக்கத் தெரிந்த அக்காளாக, அண்ணனாகவும் இருக்கலாம்.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் ஒருவன் படிக்க எழுந்து நின்று ஒரு சொல்லில் தடுமாறும்போது, சிரிப்பு உங்கள் உதட்டளவில் வரும். அதனை அடக்குங்கள். அந்நேரத்தில் அவனுடைய மூளை இயற்கை அமைக்காத ஒரு பாதையைத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறது. நீங்களும் ஒரு காலத்தில் அப்பாதையைத் தடுமாறித் தடுமாறியே வெட்டினீர்கள். வெட்டி முடித்ததால் அதனை மறந்தீர்கள். முடியுமாயின் அவன் அருகில் அமர்ந்து, அச்சொல்லை மெல்ல ஒலித்துக் காட்டுங்கள். அவன் மீண்டும் ஒலிக்கும் வரை காத்திருங்கள். நான் அன்று என் மாணவனுக்குச் செய்யத் தவறியது இவ்வளவே.